பி0010: வால்வு டைமிங் ஒயரில் கரண்ட் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி

போன மழைக்காலத்தில் ஒரு சின்னக் கார் என்னிடம் வந்தது. பதினோரு வருட வண்டி, நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். “செக் இன்ஜின் லைட் வருதுங்க, ரெண்டு மூணு நாள்ல தானா அணைஞ்சிடுது. லைட் எரியுற அன்னைக்குப் பிக்கப்பே இல்ல. பாலம் ஏறுறதுக்குள்ள ரெண்டாவது கியருக்கு வந்துடுறேன். ஆனா சிக்னல்ல நிக்கும்போது இன்ஜின் நல்லாத்தான் ஓடுது” என்றார் வண்டிக்காரர்.

ஸ்கேனரை மாட்டினால் பி0010 என்ற கோளாறுக் கோடு (code). இன்டேக் கேம் ஷாஃப்டைத் திருப்பும் ஆயில் கன்ட்ரோல் வால்வின் மின்சுற்றில் கோளாறு என்று அர்த்தம். அந்த வால்வை அவர் ஏற்கெனவே வேறோர் இடத்தில் மாற்றியிருந்தார். புதுசு போட்டு மூன்று வாரம் ஓடியது. அப்புறம் அதே லைட், அதே கோடு.

கோடில் ஒரு பாகத்தின் பெயர் வந்துவிட்டால் அந்தப் பாகத்தையே மாற்றிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதனால் எத்தனை பேருடைய காசு வீணாகிறது என்று பக்கத்தில் இருந்து பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன். மல்டிமீட்டரை இப்போதுதான் கையில் எடுத்தவர்களுக்கும் புரியும்படி, இந்த வண்டியையே வைத்துச் சொல்கிறேன்.

வால்வு டைமிங்கை ஏன் மாற்ற வேண்டும்?

முதலில் அந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். அது தெரியாமல் மீட்டரைப் பிடித்தால் கையில் கிடைப்பது வெறும் எண்தான்.

இன்ஜினுக்குள் காற்று வரும் வாசல் இன்டேக் வால்வு. புகை போகும் வாசல் எக்ஸாஸ்ட் வால்வு. இரண்டையும் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. பழைய இன்ஜின்களில் இந்த உறவு செயினாலோ பெல்ட்டாலோ கட்டப்பட்டு அப்படியே நிற்கும். எந்த வேகத்திலும் வாசல் திறக்கும் நேரம் ஒன்றுதான்.

இன்ஜினுக்கோ வேகத்துக்கு வேகம் தேவை மாறுகிறது. ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது, இன்டேக் வால்வு சற்றுத் தாமதமாகத் திறப்பது நல்லது. சீக்கிரம் திறந்தால் எக்ஸாஸ்ட் வால்வும் அதே நேரத்தில் திறந்திருக்கும். புகை உள்ளே திரும்பி, இன்ஜின் உதறும். மேடு ஏறும்போது, நடுத்தர வேகத்தில், இன்டேக் வால்வு சீக்கிரம் திறந்து சீக்கிரம் மூட வேண்டும். இல்லையென்றால் மேலே ஏறும் பிஸ்டன், வந்த காற்றையே வெளியே தள்ளிவிடும். அதிக வேகத்தில் மறுபடி கதை மாறும். காற்றுக்கும் எடை உண்டல்லவா? வேகமாக ஓடிவரும் காற்று சட்டென்று நிற்காது, பிஸ்டன் ஏற ஆரம்பித்த பிறகும் உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். அதனால் அப்போது வாசலைக் கொஞ்சம் தாமதித்து மூடினால் லாபம்.

இதற்காகத்தான் மாறும் வால்வு டைமிங் வந்தது. 1980-இல் ஆல்ஃபா ரோமியோ தன் ஸ்பைடர் காரில் இதைக் கொண்டுவந்தது. 1992-இல் பிஎம்டபிள்யூவின் வேனோஸ், 90-களின் நடுவில் டொயோட்டாவின் விவிடி-ஐ என்று தொடர்ந்து, இன்று சின்னக் கார்களிலும் இருக்கிறது.

கேம் ஷாஃப்டின் முனையில், செயின் ஓடும் பல்சக்கரத்துக்குள் இறக்கைகள் கொண்ட இன்னொரு சிறு சக்கரம் இருக்கும். வெளிச்சக்கரத்தைச் செயின் இழுக்கிறது. உள்சக்கரம் கேம் ஷாஃப்டோடு போல்ட் போட்டு இணைந்திருக்கிறது. ஒவ்வோர் இறக்கைக்கும் இரண்டு பக்கம் ஆயில் அறை. ஒரு பக்கம் ஆயில் ஏறினால் கேம் சில டிகிரி முன்னால் போகும், மறுபக்கம் ஏறினால் பின்னால் வரும். எந்தப் பக்கம் ஆயில் போக வேண்டும் என்று திருப்பிவிடுவதுதான் ஆயில் கன்ட்ரோல் வால்வு. ஒரு விரல் நீளம் இருக்கும், தலையில் ஒயர் வந்து மாட்டும், இரண்டு பின் கொண்ட கப்ளர். உள்ளே ஒரு செப்புக் கம்பிச் சுருள், அதில் கரண்ட் பாய்ந்தால் நகரும் ஒரு தண்டு, அதைத் திரும்பத் தள்ளும் ஒரு ஸ்பிரிங்.

இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியு இந்தச் சுருளுக்குக் கரண்டை ஒரே சீராகக் கொடுப்பதில்லை. வினாடிக்குப் பல நூறு தடவை போட்டு அணைக்கிறது. போட்டிருக்கும் நேரம் கூடினால் தண்டு அதிகம் நகரும், குறைந்தால் ஸ்பிரிங் ஜெயிக்கும். கேம் எத்தனை டிகிரி திரும்பியது என்று கேம் சென்சாரையும் கிராங்க் சென்சாரையும் ஒப்பிட்டுத் தெரிந்துகொண்டு, போதாவிட்டால் கூட்டும், அதிகமானால் குறைக்கும்.

ஓர் எண் மாறினால் வேலையே மாறும்

பி0010-க்கும் பி0011-க்கும் ஒரே ஓர் இலக்கம்தான் வித்தியாசம். ஆனால் இரண்டும் சொல்வது வேறு வேறு. பி0011 என்றால் கேம் தேவைக்கு மேல் முன்னால் போய் நிற்கிறது, பி0012 என்றால் பின்னாலேயே நிற்கிறது. இவை ‘சொன்னேன், நடக்கவில்லை’ என்று இசியு புகார் செய்யும் கோடுகள். இங்கே முதலில் பார்க்க வேண்டியது ஆயில். டிப்ஸ்டிக்கை இழுங்கள். அளவு குறைந்திருக்கிறதா, தார் போல இருக்கிறதா, தவறான கிரேடு ஊற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஆயில் கசடு கன்ட்ரோல் வால்வின் சின்ன வடிகட்டியை அடைத்தாலே இந்தக் கோடுகள் வந்துவிடும். செயின் தளர்ந்திருந்தால் கேம்-கிராங்க் பொருத்தம் தவறியது என்று பி0016 வரலாம்.

பி0010 அப்படியில்லை. இது ‘சொல்லவே முடியவில்லை’ என்ற புகார். வால்வை இயக்கும் கம்பியில் தான் எதிர்பார்த்த மின்னழுத்தத்தையோ கரண்டையோ இசியு பார்க்கவில்லை. பெரும்பாலான வண்டிகளில் வால்வின் ஒரு பின்னுக்கு ரிலேயிலிருந்து 12 வோல்ட் நேரே வரும். மறு பின்னை இசியு எர்த்தோடு சேர்த்தும் பிரித்தும் இயக்கும். பிரித்திருக்கும்போது சுருள் வழியாக அந்தக் கம்பியில் 12 வோல்ட் தெரிய வேண்டும். சேர்த்தால் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். இறங்கவும் ஏறவும் இல்லையென்றால் கோடு விழும். எக்ஸாஸ்ட் பக்கத்துக்கு இதே கோளாறு பி0013. வி6 போன்ற இன்ஜின்களில் இரண்டாவது பக்கத்து இன்டேக்குக்கு பி0020. (டொயோட்டா போன்ற சிலரின் வண்டிகளில் இரண்டு ஒயரும் இசியுவுக்கே போகும். அங்கே சாவி போட்டதும் 12 வோல்ட் தேடினால் கிடைக்காது. அதனால் அந்த வண்டியின் ஒயரிங் படத்தைப் பார்க்காமல் மீட்டரைத் தொடாதீர்கள்.)

வண்டிக்காரர் சொன்னதை இப்போது திரும்பப் படியுங்கள். ஐடிலிங் நன்றாக இருக்கிறது, மேட்டில் இழுக்கவில்லை. சுருளுக்குக் கரண்ட் போகாவிட்டால் ஸ்பிரிங் தண்டைத் தள்ளிவிடும், இன்டேக் கேம் பின்தங்கிய நிலையிலேயே நிற்கும். ஐடிலிங்குக்கு அதுதான் சரியான இடம், மேட்டுக்குத் தவறான இடம். அப்படியானால் இது கம்பி அறுந்த வகை, அதாவது ஓபன். மாறாக, இசியு இயக்கும் அந்தக் கம்பி எங்காவது உரசி, எர்த்தாக இருக்கும் வண்டிப் பாடியில் பட்டால் சுருளுக்கு எப்போதும் முழுக் கரண்ட் பாயும், கேம் முன்னாலேயே இழுத்து நிற்கும், ஐடிலிங்கில் இன்ஜின் உதறும், நின்றும் போகும். பானெட்டைத் திறக்கும் முன்பே வண்டிக்காரரின் வாய்மொழியில் பாதி விடை இருந்தது. அதனால்தான் வருகிறவர்களை அவசரப்படுத்தாமல் பேசவிடுகிறேன்.

கண்ணும் விரலும்

பேட்டரி 12.4 வோல்ட். ஃபியூஸ் நல்ல நிலையில். ஃபியூஸைக் கண்ணால் பார்த்தால் போதாது, முதுகில் தெரியும் இரண்டு புள்ளிகளிலும் சாவி போட்ட நிலையில் வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து கப்ளர். கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். பச்சைக் களிம்பு, வளைந்த பின், தளர்ந்த பெண் பின் என்று எது இருந்தாலும் தெரியும். உள்ளே ஆயில் ஈரம் இருந்தால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். வால்வின் தலை வழியாகக் கசியும் ஆயில், செப்பு இழைகளுக்கு நடுவே திரி போல ஏறி, ஒயரிங் முழுக்கப் பயணித்து இசியு கப்ளர் வரை போய்ச் சேர்ந்த வண்டிகள் உண்டு. தளர்ந்த பின்னைக் கண்டுபிடிக்க, அதே அளவுள்ள ஓர் ஆண் பின்னைச் செருகி இழுத்துப் பாருங்கள். கொஞ்சமாவது பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அதிர்வில் தொடர்பு விட்டுவிட்டுத்தான் வரும்.

எலியையும் மறக்க வேண்டாம். ஓர் இரவு போதும் அதற்கு. இன்ஜின் மேல் கடித்த துணுக்கு கிடந்தால் தேடலை அங்கே தொடங்குங்கள்.

இந்த வண்டியில் கப்ளர் சுத்தம், எலித்தடம் இல்லை.

சுருளைச் சோதிப்பது

வால்வின் இரண்டு பின்னுக்கு நடுவே ஓம், அதாவது மின்தடை, பார்ப்பது ஐந்து நிமிட வேலை. டொயோட்டாவின் பல இன்ஜின்களுக்கு 20 டிகிரி வெப்பத்தில் 6.9 முதல் 7.9 ஓம் வரை இருக்க வேண்டும் என்று சர்வீஸ் கையேடு சொல்கிறது. வேறு பல நிறுவனங்களின் இத்தகைய வால்வுகளும் ஏறக்குறைய அந்த அளவுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் அதையே வைத்துக்கொள்ளக் கூடாது. ஹோண்டாவின் விடெக் சோலனாய்டு வேறு மாதிரி, திறந்து மூடும் வேலை மட்டும் செய்வது. அதற்கு 14 முதல் 30 ஓம் வரை இருந்தால் நல்ல நிலை.

வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். செம்பு சூடானால் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் தடை கூடும். 20 டிகிரியில் 7 ஓம் காட்டிய சுருள், இன்ஜின் சூட்டில் 90 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட 9 ஓம் காட்டும். அது கோளாறு இல்லை. ஆறியபோது 7, சூட்டில் திடீரென்று எல்லையற்ற தடை என்றால் உள்ளே சுருள் அறுந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும்.

வால்வைக் கழற்றிக் கையில் பிடித்து, ஃபியூஸ் வைத்த ஒயரால் பேட்டரி கரண்டை ஓரிரு வினாடி மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். ‘டக்’ என்று தண்டு நகர வேண்டும், எடுத்ததும் சட்டென்று திரும்ப வேண்டும். இன்டேக்குக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் தனித்தனி கன்ட்ரோல் வால்வு உள்ள இன்ஜினில், இரண்டும் ஒரே பார்ட் நம்பராக இருந்தால், இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பது இன்னும் எளிது. பி0010 போய் பி0013 வந்தால் வால்வு குற்றவாளி. கோடு அதே இடத்தில் நின்றால் ஒயர் பக்கம் போங்கள்.

நம் வண்டியில் புது வால்வு 7.4 ஓம், தண்டும் நன்றாகத் துள்ளியது.

மீட்டர் எங்கே ஏமாற்றும்?

கப்ளரைக் கழற்றி, சாவியைப் போட்டு, வோல்ட் வரும் பின்னைப் பார்த்தேன். 12.3 வோல்ட். சாவியை அணைத்துவிட்டு ஓம் பார்த்தால் ரிலேயிலிருந்து பின் வரை 0.4 ஓம். முந்தைய இடத்தில் பார்த்தவரும் இவ்வளவும் பார்த்திருப்பார், ஒயர் சரி என்று முடிவு செய்திருப்பார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைக்கத் தோன்றும்.

வீட்டுக் குழாயை யோசித்துப் பாருங்கள். பைப்பில் முக்கால்வாசி அடைப்பு இருக்கட்டும். குழாயை மூடி வைத்திருக்கும்வரை பிரஷர் முழுசாகத்தான் தெரியும். திறந்தால்தான் நூல் போல ஒழுகும். மல்டிமீட்டர், குழாயைத் திறக்காமல் பிரஷர் பார்க்கிற கருவி. ஓம் பார்க்கும்போது அது ஒயரில் அனுப்பும் கரண்ட் மில்லி ஆம்பியர் கணக்கில்தான். முப்பது இழை உள்ள ஒயரில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் அதற்குப் போதும். வால்வுக்கு வேண்டியதோ வேறு: 12 வோல்ட்டை 7 ஓமால் வகுத்தால் சுமார் 1.7 ஆம்பியர். அந்தக் கரண்டை ஓடவிட்டுப் பார்க்காத ஒயர், சோதிக்காத ஒயர்தான்.

இதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்ப் ஒன்று போதும். 21-ஐ 12-ஆல் வகுத்தால் 1.75 ஆம்பியர், ஏறக்குறைய அந்த வால்வு கேட்கும் அதே கரண்ட். ஹோல்டரோடு இரண்டு ஒயர் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். என் டூல் பாக்ஸில் அதிகம் தேய்ந்தது அதுதான்.

பல்பின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸில் வைத்தேன், மறு முனையைக் கப்ளரில் 12 வோல்ட் வரும் பின்னில் வைத்தேன். பளீரென்று எரிய வேண்டிய பல்ப், அணையப்போகும் கரித்துண்டு போலச் சிவந்து நின்றது. எரியும்போதே அதே பின்னில் மீட்டரை வைத்தால் 5 வோல்ட். மீதி ஏழு வோல்ட் வழியில் எங்கேயோ தொலைகிறது.

எங்கே தொலைகிறது என்று பிடிப்பது பொறுமையான வேலை. பல்ப் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பிளஸில் நிறுத்துங்கள். கறுப்பு முனையை வழியில் ஒவ்வொரு நிலையமாக வைத்துக்கொண்டே போங்கள்: ஃபியூஸ், ரிலேயின் வெளிப்பின், நடுவிலுள்ள கப்ளர், கடைசியில் வால்வு கப்ளர். நல்ல ஒயரில் மொத்தமாக அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. எந்த இரண்டு நிலையத்துக்கு நடுவில் எண் எகிறுகிறதோ அந்தத் துண்டில்தான் கோளாறு. நம் வண்டியில் நடுக்கப்ளர் வரை 0.2 வோல்ட். அடுத்து வால்வு கப்ளரில் ஏழைத் தாண்டியது.

இசியு இயக்கும் மறு கம்பிக்கு ஓர் எச்சரிக்கை. பல்பை இசியு பின்னோடு சேர்த்துச் சோதிக்காதீர்கள். குளிர்ந்த பல்ப் இழை, எரியத் தொடங்கும் நொடியில் தன் வழக்கமான கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். இசியுவின் உள்ளே அந்தக் கம்பியை இயக்கும் டிரைவர் சுற்றுக்கு அது நல்லதில்லை. பேட்டரியைக் கழற்றி, இசியு கப்ளரையும் வால்வு கப்ளரையும் பிரித்துவிட்டு, அந்தக் கம்பியை மட்டும் தனியாக எடுத்து, ஒரு முனையில் பேட்டரி பிளஸை ஃபியூஸ் வழியாகக் கொடுத்து, மறு முனையில் பல்பை வைத்துப் பாருங்கள். அப்புறம் அதே கம்பிக்கும் பாடிக்கும் நடுவே ஓம் பாருங்கள், தொடர்பே காட்டக் கூடாது. சென்சார் ஒயர்களிலும் இந்தப் பல்பை வைக்க வேண்டாம். அவை சிறு கரண்ட்டில் வேலை செய்பவை.

துளை

நடுக்கப்ளருக்கும் வால்வுக்கும் இடையே ஒயர் ஒன்றரை அடிதான். வெளிக்குழாயைப் பிரித்து, ஒயரை விரலில் பிடித்து அங்குலம் அங்குலமாக வளைத்தேன். வளைக்க வளைக்க என் மனைவி பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் மவுண்டுக்கு மேலே ஓரிடத்தில் வளைத்தபோது “அணைஞ்சிடுச்சுங்க” என்றார். விட்டதும் திரும்பச் சிவந்தது. அந்த இடத்தில் ஒயர் மற்ற இடங்களைப் போல விறைப்பாக இல்லை, நூலை வளைப்பது போல மடங்கியது.

வெளித்தோலில் வெட்டோ உரசலோ இல்லை. உற்றுப் பார்த்தால் ஊசி நுழைந்த ஒரு துளை. எப்போதோ யாரோ டெஸ்ட் லேம்ப் ஊசியால் குத்தி, கரண்ட் வருகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். அந்தத் துளை வழியே மழைக்கு மழை ஈரம் இறங்கி, உள்ளே செம்பு பச்சைப் பொடியாகிவிட்டது. தோலை உரித்தபோது பொடி உதிர்ந்தது, இரண்டு இழைதான் மிச்சம். புது வால்வு போடும்போது ஒயரைக் கொஞ்சம் நகர்த்தியதில் இழைகள் சேர்ந்திருக்கும், அதில் மூன்று வாரம் ஓடியிருக்கிறது.

இப்படிக் குத்திப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கப்ளரின் பின்பக்கம், ஒயர் நுழையும் ரப்பர் சீலை ஒட்டி மெல்லிய குண்டூசியை இறக்கினால் உள்ளேயிருக்கும் பின்னை மெதுவாகத் தொடலாம். எடுத்த பிறகு சீல் மூடிக்கொள்ளும். ஏற்கெனவே குத்திய ஒயர் கண்ணில் பட்டால், நல்ல நிலையில் இருந்தாலும் துளையை அடைத்துவிடுங்கள்.

கெட்ட துண்டை வெட்டும்போது பச்சை நிறம் போய்ச் செம்பு பளபளக்கும் இடம் வரை வெட்ட வேண்டும். இந்த ஒயரில் துளையிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் வரை ஈரம் போயிருந்தது. அதே தடிமனில் புதுத் துண்டு வைத்து, கிரிம்ப் செய்து, உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடினேன். வெறும் முறுக்கும் இன்சுலேஷன் டேப்பும் இன்ஜின் சூட்டில் ஒரு கோடைக்குத் தாங்காது.

பல்பை மறுபடி வைத்தேன். பளீரென்று எரிந்தது, பின்னில் 12 வோல்ட்.

பி0010 கோடை அழித்ததோடு வண்டியைக் கொடுத்துவிடவில்லை. ஸ்கேனரில் இசியு கேட்கும் கேம் கோணமும் உண்மையில் இருக்கும் கேம் கோணமும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு வண்டிக்காரரை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஐடிலிங்கில் இரண்டும் பூஜ்யத்தை ஒட்டி. பாலம் ஏற ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் கேட்ட கோணம் 24 டிகிரிக்கு ஏறியது. ஒரு கணம் பின்தங்கி, உண்மைக் கோணமும் 23, 24 என்று வந்து சேர்ந்துகொண்டது. அவர் மூன்றாவது கியரிலேயே பாலத்தைத் தாண்டினார்.